ஆராய்ச்சிக் கூடத்துச் சப்பாத்து வாங்கு

கிட்ட வந்து இருங்கோ. இன்னும் கொஞ்சம் கிட்ட. காத்தாடி இரைச்சலுக்குப் பக்கத்தில நிண்டு நிண்டு என்ர காது கொஞ்சம் மந்தமாப் போச்சுது. நீங்கள் தூர இருந்து சிரிச்சால் எனக்குக் கேளாது, கேளாட்டில் கதை சொல்ல மனம் வராது.

மற்ற வேலையளில பிழை விட்டால் ஏச்சு விழும். ஆராய்ச்சி வேலையில பிழை விட்டால், "நல்லது, இன்னொருக்கா அப்பிடியே விடுங்கோ, பாப்பம்" எண்டு சொல்லுவினம்.

நீங்களும் இந்தக் கனடாவுக்கு வந்த புதிசில ஏதோ ஒரு குசினியில நிண்டு, கண்ணால தண்ணி ஓட ஓட வெங்காயம் உரிச்ச ஆக்கள்தானே. நானும் கோப்பை கழுவினன், வெங்காயம் உரிச்சன், கோழி வெட்டினன். கடைசியா உரிச்சது மரவள்ளிக்கிழங்கு. அது மட்டும் கொலிஜில. ஆரும் கல்யாண வீட்டில, "குணம், இப்ப என்ன செய்யிறாய்?" எண்டு கேட்டால், "ரிசேர்ச்" எண்டு சொல்லிப்போட்டு வடையைக் கடிப்பன். பிறகு ஒரு கேள்வியும் வராது. நான் ஊரில ஐஞ்சாம் வகுப்போட நிண்டவன் எண்டது அவைக்குத் தெரியும், அதால ஒருக்கா என்னைப் பாப்பினம், ஒருக்கா வடையைப் பாப்பினம்.

பெட்டியோட வந்த பிள்ளை

மோர்னிங்சைட்டில பஸ் திரும்பிற இடத்துக்குக் கிட்டத்தான் அந்தக் கொலிஜ். நான் அங்க நிலம் துடைச்சுக்கொண்டு இருந்தனான். ஒருநாள் காலமை, தலையில சிவப்புத் துணி கட்டின ஒரு ஆபிரிக்காப் பிள்ளை பெரிய பெட்டி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, லிஃப்ட் கதவை ஒரு காலால மறிச்சுக்கொண்டு நிண்டது. ஓடிப்போய்க் கதவைப் பிடிச்சன். பிள்ளை பெட்டியைக் கீழ வைச்சுப்போட்டு, முழங்காலை மடக்கி எனக்கு ஒரு வணக்கம் வைச்சுது. அவையின்ர ஊரில வயசுக்கு மூத்த ஆக்களைக் கண்டால் அப்பிடித்தானாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சுது. என்ர சொந்தப் பிள்ளையள் எனக்குக் கையைக்கூடத் தூக்கிறேல்லை.

பேர் புன்மி. நைஜீரியாவில ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில படிப்பிக்கிறவ. அங்க மழை காலத்தில கிழங்கைக் கிண்டி எடுத்தால் ரெண்டு மூண்டு நாளில உள்ளுக்குக் கறுத்துப் போகுமாம். வெயில் இல்லை, காய வைக்கேலாது. பெண்டுகள் தலையில சுமந்துகொண்டு வந்த கிழங்கை அப்பிடியே குப்பையில கொட்டிப்போட்டுப் போவினமாம். அதைப் பாத்துப் பாத்து, புன்மியும் அவவோட படிப்பிக்கிற சண்டே எண்ட மனிசனும் பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி ஒட்டி ஒரு மெசின் செய்திச்சினம். கிழங்கின்ர தோலையே எரிச்சு, அந்தச் சூட்டில கிழங்கைக் காய வைக்கிற மெசின். காஞ்சதை இடிச்சு மாவாக்கினால் மாசக் கணக்கில கிடக்கும். நல்லாத்தான் வேலை செய்திருக்கு. ஆனால் பீப்பாய் கறள் பிடிச்சு ஓட்டையாப் போச்சுது.

அதுக்குத்தான் ரெண்டு கொலிஜும் சேந்து ஒரு ஒழுங்கு செய்தது. கறள் பிடியாத தகட்டில அதே மெசினை இங்க செய்து பாக்கிறது. சரிவந்தால் கப்பலில ஏத்தி அங்க அனுப்பிறது. அதைப் பாத்து அங்க படிக்கிற பெடிபெட்டையள் இன்னும் பத்து மெசின் செய்வினம். சரிவராட்டில் மெசின் இங்கயே பழைய இரும்புக்குப் போகும், புன்மி வெறுங்கையோட பிளேன் ஏறுவா. இதை மட்டும் மனசில வைச்சிருங்கோ, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.

பெட்டிக்குள்ள கிழங்கு. கடையில விக்கிற, மெழுகு பூசின மரவள்ளி. "அங்கிள், இதை உங்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டா. அவையும் பெரியாக்களை அங்கிள் எண்டுதான் கூப்பிடுறது. புன்மி கதைச்சதெல்லாம் இங்கிலிசு. என்ர காதுக்குள்ள வரேக்க அது தமிழாகித்தான் வந்தது, அதால இனித் தமிழிலயே சொல்லுறன். "தெரியுமோவோ? அவிச்சது, பொரிச்சது, கறி வைச்சது, களவாப் பிடுங்கிச் சுட்டது எல்லாம் திண்டவன் நான். கண்ணை மூடிக்கொண்டு உரிப்பன்" எண்டன். அடுத்த கிழமை என்னை நிலம் துடைக்கிற வேலையில இருந்து எடுத்துத் தன்ர ஆராய்ச்சிக் கூடத்தில போட்டா. கத்தியைத் தந்துகொண்டு சொன்னா: "கண்ணைத் திறந்துகொண்டு உரியுங்கோ அங்கிள், உங்கட விரலை நான் ஆராயேல்லை."

மஞ்சள் மா

உரிச்ச கிழங்கைத் தண்ணியில ஊறப்போடச் சொல்லிப்போட்டு அவ ஒரு கூட்டத்துக்குப் போயிட்டா. நானும் போட்டன். போட்ட கை சும்மா இருக்குமே? எங்கட வீட்டில மரவள்ளி எண்டால் தண்ணி, உப்பு, மஞ்சள், மூண்டும் ஒண்டாப் போறதுதானே. என்ர மத்தியானச் சாப்பாட்டுப் பையில தவம் எப்பவும் ஒரு சின்னக் கடதாசிச் சரையில மஞ்சள் கட்டி வைப்பா, கையில வெட்டுக் காயம் பட்டால் பூசச் சொல்லி. தவம் என்ர மனிசி. அந்தச் சரை கையோட வந்திட்டுது.

மற்ற நாள் தட்டை இழுத்துப் பாத்தால் கிழங்குத் துண்டெல்லாம் கதிர்காமம் போன சாமியார் மாதிரி மஞ்சளா இருக்கு. புன்மி பாத்தா, மணந்து பாத்தா, என்னையும் பாத்தா. அந்த நேரம் பாத்துச் சண்டே போனில வந்திட்டார். அவர் ஒவ்வொரு நாளும் முகம் பாக்கிற போனில எடுத்து, "என்ர மெசின் எப்பிடி இருக்கு?" எண்டு கேப்பார். ஆரோ ஆஸ்பத்திரியில கிடக்கிற மாதிரி. அவையின்ர ஊரில மஞ்சள் நிறக் கிழங்கும் ஒரு சாதி இருக்குதாம், நல்ல சத்தாம். மனிசன் தட்டைக் கண்டுபோட்டு, "ஓ! கனடாவில உந்தக் கிழங்கும் கிடக்கோ! எங்க வாங்கினனீங்கள்?" எண்டு துள்ளத் தொடங்கிட்டார். புன்மி போனை என்ர பக்கம் திருப்பிப்போட்டுச் சொன்னா: "இது புதுக் கிழங்கு இல்லை சண்டே, எங்கட அங்கிளின்ர கைவண்ணம்."

உயரக் குழாய்

மெசினுக்கு மேல ஒரு உயரக் குழாய். கூரையைத் துளைச்சுக்கொண்டு வானத்தைப் பாத்து நிக்கும். கீழ சூடு வர, ஈரக் காத்து தானாக் குழாயால மேல ஏறிப் போகும். இதுதான் சண்டேயின்ர மூளை. ஆனால் கொலிஜில கட்டடத்துக்குப் பொறுப்பான ஆக்கள் வந்து பாத்திட்டு, கரண்டில ஓடுற காத்தாடி ஒண்டு கட்டாயம் பூட்ட வேணும் எண்டு சொல்லிப்போட்டினம். புன்மி வாதாடேல்லை. காத்தாடியைப் பூட்டி, மெசினுக்கு மேல குழாய் தொடங்கிற இடத்தை ஒரு மூடியால மூடி விட்டா. அண்டையில இருந்து என்ர காதுக்குப் பிடிச்ச சனி.

சண்டேக்கு இதைச் சொன்ன நாள் இங்க நல்ல ஸ்நோ. யன்னலால அதைக் காட்டினம். "உந்தளவு ஐஸ் சும்மா கொட்டிக் கிடக்கு, கிழங்கை அதுக்குள்ள புதைச்சால் போதாதே, எதுக்கு உங்களுக்கு மெசின்?" எண்டு பகிடி விட்டவர், காத்தாடியைக் கண்டதும் முகம் மாறிட்டார். அவருக்குப் பின்னால படிக்கிற பிள்ளையள் நாலைஞ்சு பேர் எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கினம். பட்டறை இருட்டு. கரண்ட் போயிட்டுதாம், போன் வெளிச்சத்தில நிண்டு கதைக்கிறார். மெல்லமாத்தான் சொன்னார்: "காத்தாடியைப் பூட்டு, வேண்டாம் எண்டேல்லை. குழாயை மட்டும் வெட்டிப் போடாதே புன்மி. இங்க கரண்ட் எங்கட வீட்டு ஆள் இல்லை, விருந்தாளி."

அழுற முகம்

மா வந்திட்டுது. இனி அதைச் சாப்பிட்டுப் பாத்து ஆக்கள் சொல்ல வேணும். மரவள்ளி தெரிஞ்ச நாக்கு வேணும் எண்டா புன்மி. மோர்னிங்சைட்டில மரவள்ளி தெரிஞ்ச நாக்குக்குப் பஞ்சமே? தவம் தங்கட சீனியர் சங்கத்தில இருந்து ஒரு பஸ் ஆக்களைக் கொண்டு வந்து இறக்கிப்போட்டா.

சாப்பாட்டு அறை எண்டபடியால் வெளிச் சப்பாத்தோட உள்ளுக்க வரக்கூடாது, ஆராயிருந்தாலும். வாசலில நாலைஞ்சு பேர் வரிசையா இருக்கிற மாதிரி நீட்டுக்கு ஒரு மர வாங்கு. அதில இருந்து சப்பாத்தைக் கழட்டி, எங்கட செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளுக்க வரலாம். உந்த வாங்கை நல்லா ஞாபகம் வைச்சிருங்கோ. வந்த ஒவ்வொரு ஆளுக்கும் புன்மி முழங்காலை மடக்கி வணக்கம் வைச்சா. எங்கட பெண்டுகள் கரைஞ்சு போச்சினம்.

மூண்டு தட்டில மூண்டு விதமாக் காய வைச்ச மாவில அவிச்ச பிட்டு. வாசிக்கத் தேவையில்லாமல் ஆளுக்கொரு அட்டை, அதில அழுற முகத்தில இருந்து சிரிக்கிற முகம் வரைக்கும் கீறியிருக்கு. பிடிச்ச அளவுக்கு ஒரு முகத்துக்கு மேல பேனையால புள்ளடி போட வேணும். ஒரு தட்டில இருந்தது வேணுமெண்டே கருக்கின மா. ஆக்கள் உண்மை சொல்லுகினமோ எண்டு பாக்க வைச்ச பொறி அது. அட்டையைச் சேத்துப் பாத்தால், எல்லாத் தட்டுக்கும் எல்லாரும் சிரிக்கிற முகம்! சங்கத்தில எல்லாருக்கும் மூத்த செல்லத்துரை அண்ணை இன்னும் ஒரு படி மேல போய், கருக்கின தட்டுக்குப் பக்கத்தில தன்ர கையால இன்னொரு சிரிச்ச முகம் கீறியும் விட்டிருக்கிறார். புன்மி தலையில கையை வைச்சிட்டா. பஸ்ஸில வரேக்க, ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு தவத்தைக் கேட்டன். அவ சொன்னது இது: "அந்தப் பிள்ளை எனக்கு முழங்காலை மடக்குது. அதுக்கு முன்னால இருந்து அழுற முகத்தில புள்ளடி போட என்ர கைக்கென்ன விசரே?"

இஞ்சித் தேத்தண்ணி

அடுத்த முறை ஆக்கள் வந்த நாள் சரியான குளிர். பாவம் எண்டு புன்மி தன்ர கையால தேத்தண்ணி ஊத்தி, நல்லா இஞ்சி குத்திப் போட்டு, பிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில ஒவ்வொரு கோப்பையா வைச்சா. மணம் வந்ததுதான் தாமதம், செல்லத்துரை அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிட்டார். "ஆரும் குடியாதேங்கோ! மரவள்ளியோட இஞ்சி! நஞ்சு!" அறை முழுக்க ஒரே அமளி. பக்கத்தில இருந்த மனிசி அரைவாசி குடிச்சிட்டா. நாக்கை நீட்டச் சொல்லி நாலு பேர் பாக்கினம். சத்தியமாச் சொல்லுறன், நானும் என்ர கோப்பையை மெல்லமா மேசைக்குக் கீழ இறக்கினன்.

புன்மி சிரிக்கேல்லை. பேனையை எடுத்துக்கொண்டு வந்து முன்னால இருந்து, என்னை இங்கிலிசில மாத்திச் சொல்லச் சொன்னா. இப்பிடிச் செத்த ஆளை ஆர் நேர கண்டது எண்டு கேட்டா. எல்லாரும் ஒரே நேரத்தில கதைக்கினம். ஒருத்தரின்ர மச்சானுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருத்தரின்ர பெரியம்மாவின்ர ஊரில ஒரு வண்டில்காரர். கண்டது ஆர்? கண்டது ஒருத்தரும் இல்லை. "எங்கட ஊரில நாங்கள் ரெண்டையும் சேத்துச் சாப்பிடுறனாங்கள், இப்பவும் இருக்கிறம்" எண்டா புன்மி. ஆனாலும் கோப்பையளை எல்லாம் எடுத்து ஊத்திப்போட்டு வெறும் தேத்தண்ணி கொண்டு வந்தா. அண்டைக்குப் பிறகு அந்த அறைக்குள்ள இஞ்சி வரேல்லை. அவகூடப் பிட்டுச் சாப்பிடுற நாளில இஞ்சி விஸ்கோத்தைத் தள்ளி வைச்சதை நான் என்ர கண்ணால கண்டனான். போகேக்க செல்லத்துரை அண்ணை அவவின்ர தலையைத் தடவிச் சொன்னார்: "பிள்ளை, நீர் படிச்சனீர், நான் இல்லையெண்டேல்லை, ஆனால் நான் உதைக் குடியாமல்தான் எண்பது வயசு மட்டும் வந்து நிக்கிறன்."

மூக்கைப் பொத்தின தாங்ஸ்

எங்கட ஆக்கள் சப்பாத்துப் போடுறதை நீங்கள் கண்டிருப்பியள். அது ஒரு திருவிழா. முழங்கால் நோ, சப்பாத்துச் சிப்பு இழுபடாது, ஒரு கால் மேஸைக் காணேல்லை, கையுறை ஆற்றையோ பையுக்குள்ள. அரை மணித்தியாலம் போகும். உள்ளுக்க வாயைத் திறக்காத சனம் வாங்கில இருந்தவுடன வாயைத் திறக்கும். "உதென்னடி புகை மணம்!" "எனக்கும் தொண்டையைக் கரகரக்குது." "என்ர மருமகள் அவிக்கிற பிட்டே பரவாயில்லை, எண்டால் பாரன்."

புன்மி கதவுக் கண்ணாடியால பாத்துக்கொண்டு நிண்டவ. "அங்கிள், என்ன கதைக்கினம்?" எண்டு கேட்டா. நான் அந்தப் பிள்ளையின்ர மனத்தை நோகடிக்கேலாமல், "தாங்ஸ் சொல்லுகினம்" எண்டன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "தாங்ஸ் சொல்லேக்க ஆரும் மூக்கைப் பொத்திறேல்லை அங்கிள்" எண்டா.

அடுத்த முறை அட்டையும் இல்லை, முகமும் இல்லை. சும்மா சாப்பிடுங்கோ எண்டு குடுத்தா. பிறகு எல்லாரும் வாங்குக்கு வரேக்க, அவவும் வந்து வாங்கின்ர அந்தத்தில இருந்து தன்ர சப்பாத்தைப் பூட்டத் தொடங்கினா. கயிறை ஒரு கண்ணுக்குள்ள கோக்கிறது, கழட்டிறது, திரும்பக் கோக்கிறது. பக்கத்தில நான். அவைக்கு அவ இருக்கிறது நினைவில்லை; இருந்தாலும் தமிழ் விளங்காதுதானே எண்ட துணிவு. நான் குனிஞ்சுகொண்டு ஒவ்வொண்டா இங்கிலிசில மாத்திச் சொன்னன். இந்த முறை பொய் சொல்லேல்லை. எல்லாற்றை வாயிலயும் ஒரே சொல்: புகை. மற்ற நாள் அவ மெசினை முழுக்கக் கழட்டினா. அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவில தகடு ஒட்டின இடத்தில, ஊசி போற அளவு ஓட்டை. தோல் எரிஞ்ச புகை அதாலதான் மாவுக்கு வந்திருக்கு.

அதை அடைச்ச பிறகு வந்த மா, சொன்னால் நம்பமாட்டியள், பால் மாதிரி. வாங்கில சின்னப் பக்கற்றுகளாக் கட்டி வைச்சு, விருப்பமெண்டால் எடுங்கோ எண்டு விட்டா. முன்னம் புகை மாவையும் இப்பிடித்தான் கட்டி வைச்சவ, அண்டைக்குப் பக்கற்றெல்லாம் ஆரும் கொண்டு போகாமல் வாங்குக்குக் கீழ கிடந்தது. இந்த முறை வாங்கு துடைச்ச மாதிரி. அண்டைக்கு இரவு தவம் என்னட்டச் சொன்னா: "மகள் சனிக்கிழமை பிக்கரிங்கில இருந்து வாறாள், பிள்ளையிட்ட இன்னும் ரெண்டு பக்கற் கேளுங்கோ, எனக்கெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

மணி அடிச்ச நாள்

இதைச் சொல்லாமல் விட்டால் சண்டே கோவிப்பார். ஓட்டை அடைச்சுப் பரீட்சை பாத்த நாள் கொஞ்சம் ஈரத் தோலை அடுப்பில தள்ளினது நான்தான். புகை எழும்பி, கட்டடம் முழுக்க மணி அடிச்சு, முழுக் கொலிஜும் ஸ்நோவுக்குள்ள நிண்டது. தீயணைக்கிற வாகனம் வந்து, தொப்பி போட்ட பெரிய மனிசர் ஒருத்தர் கோடாலியோட உள்ளுக்க பாஞ்சார். வாங்கைக் கண்ட பழக்கத்தில நான் அவரை மறிச்சு, "சேர், சப்பாத்து!" எண்டிட்டன். அவர் என்னையும் நான் நீட்டின செருப்பையும் மாறி மாறிப் பாத்தார். நெருப்பு இல்லை எண்டு கண்ட பிறகு புன்மி குடுத்த மரவள்ளி ரொட்டியைத் திண்டுகொண்டு சொன்னார்: "அடுத்த முறை மணி அடியாமல் போன் பண்ணுங்கோ, ரொட்டிக்கு ஊத்துற பாணி நாங்கள் கொண்டு வாறம்."

ஒற்றைச் சப்பாத்து

மெசினை அனுப்பிறதோ விடுறதோ எண்டு முடிவு சொல்லுற பெரியாக்கள் மூண்டு பேர் வாற நாள் வந்திட்டுது. சண்டேயின்ர பக்கத்தில மழை தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். அங்க பட்டறையில அரைவாசியைக் கூட்டித் துடைச்சு, மெசின் வைக்கப் போற இடத்துக்குச் சோக்குக் கட்டியால சுத்திக் கோடும் கீறி வைச்சிட்டினம். அதைப் போனில காட்டினார். புன்மி பாத்திட்டுப் போய், மெசினின்ர ஆணியளை ஒண்டொண்டா இறுக்கத் தொடங்கினா.

முதல் நாள் பின்னேரம் வாங்கில இருந்துகொண்டு அவ என்னட்டச் சொன்னா: "அங்கிள், இங்கத்தைப் பெரியாக்களும் உங்கட ஆக்கள் மாதிரித்தான். முகத்துக்கு முன்னால எல்லாம் நல்லம் எண்டுவினம். குறையைப் போய் மெயிலில எழுதுவினம். அது வாற நேரம் நான் பதில் சொல்லேலாது. உங்கட ஆக்கள் சப்பாத்துப் போட அரை மணித்தியாலம் எடுக்கினம். இவை ஒரு நிமிசத்தில போட்டுக்கொண்டு போயிடுவினம். அதுதான் எனக்கு யோசனை." காலமை பாக்கிறன், கிழங்கு வந்த வெறும் பெட்டி ஒண்டைக் கொண்டு வந்து வாங்குக்குப் பக்கத்தில வைக்கிறா. எதுக்குப் பிள்ளை எண்டன். "ஒரு பக்கமாக் கிடக்கட்டும் அங்கிள்" எண்டா.

வந்திச்சினம். தலைவர் நல்ல உயரமான மனிசன், நல்ல தோல் சப்பாத்து. கழட்டினார், செருப்பைப் போட்டார். புன்மி முழங்கால் மடக்கினா, அவருக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் தானும் கொஞ்சம் மடங்கினார். மெசினைச் சுத்திப் பாத்திச்சினம். பிட்டுச் சாப்பிட்டிச்சினம். மாவைத் தொட்டுப் பாத்து, "வெரி இன்ரெஸ்ரிங்" எண்டார் தலைவர். மற்ற ரெண்டு பேரும் "வொண்டஃபுல், வொண்டஃபுல்" எண்டிச்சினம். எனக்குத் தலைகால் தெரியேல்லை. "பிள்ளை, வெண்டிட்டம்!" எண்டன். அவ மெல்லமா, "சிரிச்ச முகத்தில புள்ளடி, அங்கிள்" எண்டா.

அவை வாங்குக்குப் போச்சினம். புன்மியும் போய் அந்தத்தில இருந்து தன்ர சப்பாத்துக் கயிறைப் பிடிச்சா. மற்ற ரெண்டு பேரும் போட்டு முடிச்சு எழும்பிட்டினம். தலைவர் வலக்கால் சப்பாத்தைப் போட்டார். இடக்காலைக் காணேல்லை. வாங்குக்குக் கீழ குனிஞ்சார், சுவரோரம் பாத்தார். ஒஷாவாவில அவைக்கு இன்னொரு கூட்டம், வாகனம் வெளியில நிக்குது. நானும் தேடுறன், உண்மையாத்தான் தேடினன், எனக்கொண்டும் தெரியாது. தேடிக்கொண்டே அவர் பக்கத்து ஆளிட்டச் சொன்னார்: "நல்ல மெசின், பாவம். அங்க கரண்ட் போனால் காத்தாடி நிண்டிடும். கிழங்கு உள்ளுக்கயே அவிஞ்சு போகும். இதை எப்பிடி அனுப்பிறது?"

புன்மி கயிறை விட்டிட்டு எழும்பினா. "சேர், சப்பாத்தை அங்கிள் தேடட்டும். நீங்கள் ஒருக்கா உள்ளுக்க வாங்கோ." எண்டிட்டு நேர போய்க் காத்தாடியின்ர கரண்டைப் பிடுங்கினா. இரைச்சல் நிண்டுது. இவ்வளவு மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அந்த அறையில மணிக்கூடு ஓடுற சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்ரூலில ஏறிக் குழாயின்ர மூடியைத் திறந்தா. ஒரு கடதாசித் துண்டைக் கிழிச்சு, மெசினுக்குக் காத்துப் போற வாசலில பிடிச்சா. கடதாசி அசையேல்லை. எல்லாரும் பாக்கினம். அசையேல்லை. மேசையில சாத்தி வைச்ச போனில, எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருந்த சண்டே கத்துறார்: "பொறு புன்மி, பொறு! குழாய் சூடாகட்டும்!"

முதல்ல கடதாசியின்ர நுனி நடுங்கினது. பிறகு ஆரோ உள்ளுக்க இருந்து உறிஞ்சிற மாதிரி அப்பிடியே நீட்டி நிமிர்ந்து மெசினுக்குள்ள இழுபட்டது. வெளியில குளிர் கூடக் கூடக் குழாய் இன்னும் நல்லா இழுக்குமாம். தலைவர் ஒரு காலில சப்பாத்தும் மற்றக் காலில மேஸுமாக் கிட்ட ஓடி வந்தார். நான் சும்மா நிக்கேலாமல், "சேர், சப்பாத்து!" எண்டன். மனிசன் அதையும் கழட்டி என்ர கையில தந்திட்டு, வெறும் மேஸோட நிண்டு, தானே கடதாசி பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தார். பத்து வயசுப் பெடியன் மாதிரி. காலமை இருந்தே காஞ்சுகொண்டு இருந்த தட்டு அது. கரண்ட் இல்லாமலே மிச்சமும் காஞ்சுது. ஒஷாவாவுக்கு மற்ற ரெண்டு பேரும்தான் போச்சினம். கடைசியில ஒரு துண்டை எடுத்து முறிச்சார். படக்கெண்டு சத்தம். முகம் முழுக்கச் சிரிப்பு, ஒரு அட்டையும் தேவைப்படேல்லை. போனுக்குள்ள சண்டே ஆடுறார், அவருக்குப் பின்னால பிள்ளையள் சோக்குக் கோட்டுக்குள்ள நிண்டு குதிக்கினம். தலைவர் போனைப் பாத்தும் எங்களைப் பாத்தும் சொன்னார்: "மெசினை அனுப்புங்கோ, அது முடிஞ்சுது, ஆனால் அதுக்கு முதல் ஆராவது என்ர சப்பாத்தைக் கண்டு பிடியுங்கோ."

ஆராய்ச்சி எண்டால் என்ன எண்டு இப்ப ஆரும் கேட்டால், ஆக்களின்ர வாயில இருக்கிற உண்மை வெளியில வரும் வரைக்கும் அவையைப் போக விடாமல் வைச்சிருக்கிறதுதான் எண்டு சொல்லுவன், ஏனெண்டால் அந்தப் பிள்ளை முகத்தில ஒரு சிரிப்பும் இல்லாமல் கிழங்குப் பெட்டியைத் திறந்து, இடக்கால் சப்பாத்தை எடுத்து மாத் தூசியைத் தட்டி, முழங்காலை மடக்கி ரெண்டு கையாலயும் அவரிட்ட நீட்டினவ.